ஆற்றங்கரை ஊரில் தெருவும் பூங்காவும்: ஒரே திட்டமாகப் போடுவது எப்படி

ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ தெருக்களைச் சீரமைக்கவும் கரையில் பூங்கா அமைக்கவும் நிதி வந்தால், அது பெரும்பாலும் தனித்தனி வேலைகளாகவே பிரிந்துவிடுகிறது. சாலைக்கு ஒரு மதிப்பீடு, வடிகாலுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று; ஒப்பந்ததாரரும் மூன்று பேர். தெருவில் விழும் மழை பூங்காவைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும் என்பது மூன்று வரைபடத்திலும் இருக்காது. விளைவு எல்லோரும் பார்த்ததுதான்: புதுச் சாலை, புது நடைபாதை, அழகான சுற்றுச்சுவர், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர்.

தெருவும் பூங்காவும் ஒரே வாட்டத்தின், அதாவது தண்ணீர் ஓடும் ஒரே சரிவின், இரண்டு முனைகள். அதை மனத்தில் வைத்துத் திட்டம் போடும் முறை இங்கே. வார்டு உறுப்பினர்கள், குடியிருப்போர் சங்கத்தார், உள்ளாட்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் ஆகியோருக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியது.

நிலம் யாருடையது

வரைபடத்துக்கு முன்னால் ஆவணம். தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையும் உள்ள பதிவேடு) புலப்படமும் (நில எல்லை வரைபடம்) எடுங்கள். கரையோர நிலம் பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்காக இருக்கும். அது வருவாய்த் துறையின் நிலம். ஆறும் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. உள்ளாட்சிக்கு அங்கே தானாக எந்த உரிமையும் இல்லை. படித்துறையும் மண்டபமும் கோயில் சொத்தாக இருக்கலாம். அப்படியானால் அறநிலையத் துறையையும் கேட்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் பக்கத்தில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். கடல் ஓதம் ஏறும் முகத்துவாரப் பகுதியானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். தெருவிலும் இதே கேள்வி உண்டு: ஊரின் பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. அங்கே உள்ளாட்சி நடைபாதை போட்டால், அடுத்த அகலப்படுத்தலில் அது போய்விடும்.

இந்தத் துறைகளிடம் அனுமதி கேட்கும் கடிதங்களை முதல் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வராமல் ஒப்பந்தப்புள்ளி கோருவதுதான் கரையோர வேலைகள் பாதியில் நிற்க முதல் காரணம்.

நீர்நிலைப் புறம்போக்கை வேறு வகையாக மாற்றி நிரந்தரக் கட்டடம் கட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கிலும் நீர்நிலைகளைக் காப்பது அரசின் கடமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. கரையில் குடும்பங்கள் குடியிருந்தால், அது மறுவாழ்வுத் திட்டம் சார்ந்த தனி வேலை. மாற்று வீடு கைக்கு வந்த பிறகே தொட வேண்டியது. பூங்காவைக் காரணம் காட்டி ஆட்களை அகற்றுவது நியாயமும் இல்லை, அப்படித் தொடங்கிய வேலை ஒழுங்காக முடிவதும் இல்லை.

யார் எதற்கு வருகிறார்கள்

ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, ஒரு விசேஷ நாள்: மூன்றிலும் காலை 5 மணி முதல் இரவு 9 வரை கரையிலும் தெருவிலும் ஆள் நிறுத்திக் கணக்கெடுங்கள். குளிப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், மாடு கழுவுபவர்கள், ஈமக்கிரியைக்கு வருபவர்கள், ஆடிப்பெருக்கு அன்று முளைப்பாரியோடு இறங்குபவர்கள் என எல்லோருக்கும் ஒரு வழியும் ஓர் இடமும் ஏற்கெனவே இருக்கிறது. வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை அவைதான். பூங்கா வேலி படித்துறைக்குப் போகும் தடத்தை அடைத்தால், ஒரு மாதத்தில் வேலி வெட்டப்பட்டிருக்கும். வெட்டியவர்கள் மேல் குற்றமில்லை.

தெருவோர வியாபாரிகளைப் பெயரோடு பதிவு செய்யுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் ஒதுக்காமல் போட்ட நடைபாதையில் கடை வரத்தான் செய்யும். அதைத் தடுக்க இரும்புத் தூண் நட்டால் சக்கர நாற்காலிக்குத்தான் வழி அடைபடும்.

மட்டம் எடுப்பது

திட்டத்தின் உயிர் இங்கே இருக்கிறது. இதற்கு ஆகும் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. ஆனாலும் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

அழியாத ஓர் இடத்தை, கோயில் படிக்கட்டு அல்லது பாலத்தின் கைப்பிடிச் சுவரை, நிலையான மட்டக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெருவின் நடுவிலும் இரு ஓரங்களிலும் 10 மீட்டருக்கு ஒரு மட்டம். ஒவ்வொரு வீட்டின் தள மட்டம். ஒவ்வொரு பாதாளச் சாக்கடை மூடியின் மேல் மட்டமும் குழாயின் அடி மட்டமும். இருக்கும் வடிகாலின் அடி மட்டம். கரையின் மேல் மட்டம். கோடையில் ஆற்று நீர் மட்டம். கடைசியாக, ஆற்றின் உச்ச வெள்ள மட்டம்.

வெள்ள மட்டத்தை நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். பாலத் தூண்களில் குறித்திருந்தால் ஒப்பிடுங்கள். அதோடு நிற்காமல், கரையோரத்து முதியவர்களைக் கூட்டிப்போய் சுவரில் எதுவரை தண்ணீர் வந்தது என்று கை வைக்கச் சொல்லி, அந்த இடத்தின் மட்டத்தை எடுங்கள். தாமிரபரணிக் கரையில் இந்த நினைவு மிகத் துல்லியமாக இருக்கும். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எதுவரை வந்தது என்பதை நெல்லையில் பலரால் கை காட்டிச் சொல்ல முடியும். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியது என்பதே அங்கே ஓர் அளவுகோல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கு எந்த வடிகாலும் வடிவமைக்க முடியாது. ஆனால் அந்த வெள்ளம் வந்து போன பிறகும் நிற்கக்கூடிய பூங்காவை வடிவமைக்க முடியும்.

மட்டம் எடுத்தபின் வீட்டுத் தளங்களைப் பாருங்கள். புதுச் சாலையின் மேல் மட்டம் மிகத் தாழ்ந்த வீட்டின் தளத்தைவிடக் குறைந்தது 30 செ.மீ. கீழே இருக்கும்படி வையுங்கள். பழைய தார்மேல் புதுத் தார் என்று அடுக்கிக்கொண்டே போனதால் பல தெருக்களில் இப்போது வீடுதான் பள்ளம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்குத் தனி இனம் (செலவுத் தலைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இனம் இல்லையென்றால் வேலையும் நடக்காது.

வடிகால்: எவ்வளவு தண்ணீர், எங்கே போகும்

கணக்கு எளியது. மழையின் வேகத்தை மணிக்கு மில்லிமீட்டரிலும், பரப்பை ஹெக்டேரிலும் எடுங்கள். இரண்டையும் பெருக்கி, மழையில் தரைக்குள் இறங்காமல் ஓடிவரும் பங்கால் பெருக்கி, 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். கட்டடங்கள் நெருங்கிய தெருவில் ஓடிவரும் பங்கு ஏறத்தாழ 0.8. தெருவும் இருபுற வீடுகளும் சேர்ந்து 2 ஹெக்டேர், மழை மணிக்கு 60 மி.மீ. என்றால், விநாடிக்கு 0.27 கன மீட்டர். 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழமுள்ள கான்கிரீட் வடிகால், 500 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டத்தில், மேலே 10 செ.மீ. காலியாக விட்டு ஓடினால் இதைத் தாங்கும். வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். வேகம் 0.6-க்குக் கீழே போனால் மண் தங்கிவிடும்.

அந்த வாட்டத்தில் 200 மீட்டர் தெருவுக்கு வேண்டிய இறக்கம் 40 செ.மீ. மட்டுமே. சின்ன அளவுதான், ஆனால் கொத்தனார் ஒரு துண்டில் 5 செ.மீ. தவறவிட்டால் அங்கே தண்ணீர் நின்றுவிடும். அடிக் கான்கிரீட் போட்ட அன்றே ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து 10 மீட்டருக்கு ஒருமுறை சரிபாருங்கள். மூடிபோட்டபின் எதையும் பார்க்க முடியாது. இன்னொரு சோதனை: மேல் முனையில் ஒரு லாரித் தண்ணீரைக் கொட்டி, கீழ் முனைக்கு வந்து சேர்கிறதா, வழியில் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மூடிப்பலகை போடும் முன் இதைச் செய்து காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மூடிப்பலகைகள் இருவர் தூக்கக்கூடிய அளவில், 60 செ.மீ. நீளத்துக்கு மேல் போகாமல், கொக்கித் துளையோடு இருக்க வேண்டும். தெருத் தண்ணீர் உள்ளே இறங்க 10 முதல் 15 மீட்டருக்கு ஒரு கம்பிச் சல்லடை; கம்பிகள் வண்டி போகும் திசைக்குக் குறுக்காக. நெடுக்காக வைத்தால் சைக்கிள் சக்கரம் மாட்டும்.

இனி முக்கியமான கேள்வி. ஆறு நிறைந்து ஓடும்போது வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அப்போது தெருத் தண்ணீர் வெளியே போகாது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வரும். வாயில் ஒருவழி மடைக்கதவு வைத்தால் ஆற்று நீர் தடைபடும், ஆனால் தெருத் தண்ணீருக்குத் தங்க இடம் வேண்டும். அந்த இடம்தான் பூங்கா. மேலே சொன்ன தெருவில் ஒரு மணி நேர மழை தருவது 960 கன மீட்டர். 40 மீட்டருக்கு 40 மீட்டர் உள்ள விளையாட்டுத் திடலைச் சுற்றியுள்ள தரையைவிட 60 செ.மீ. தாழ்த்திவிட்டால் அத்தனையும் அதில் அடங்கும். ஆண்டில் மிகச் சில நாட்கள் அது குளம். மற்ற நாட்களில் பிள்ளைகள் விளையாடும் தரை. ஓரங்களைச் சாய்வான புல்தரையாகவோ உட்காரும் படிகளாகவோ அமைக்கலாம். ஆறு இறங்கியதும் இரண்டு நாளுக்குள் காலியாகும்படி அடியில் ஒரு குழாய் வையுங்கள். அதற்குமேல் நின்றால் கொசு. திடலின் அடி மட்டம், வடிகாலின் கடைசி அடி மட்டத்தைவிடத் தாழ்ந்தும், ஆற்றின் வழக்கமான மழைக்கால மட்டத்தைவிட உயர்ந்தும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் இடமே இல்லையென்றால் பம்பு வைப்பது தவிர வழியில்லை. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மடைக்கதவு கெடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பை சிக்கி, பாதி திறந்தபடி நின்றுவிடுவதால். அதற்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு, அதைச் சுத்தம் செய்ய இறங்காமல் மேலிருந்தே வாரக்கூடிய ஒரு தளம், ஆவணியில் ஒருமுறை எண்ணெய் போட்டு அசைத்துப் பார்க்கப் பெயர் குறித்த ஒரு பணியாளர்.

இதெல்லாம் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓடினால்தான் செல்லும். சித்திரை, வைகாசியில் மழையே இல்லாத நாளில், காலை 6 முதல் 9 மணிக்குள் வடிகாலை நடந்து பாருங்கள். ஓடும் தண்ணீர் அத்தனையும் கழிவுநீர். எந்த வீட்டிலிருந்து, எந்த உணவகத்திலிருந்து வருகிறது என்று குழாய் குழாயாகக் குறியுங்கள். பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவானால் இணைப்பு கொடுங்கள். இல்லாத ஊரில் வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டி. இது முடியாமல் தாழ்ந்த திடலை அமைத்தால் பிள்ளைகளைச் சாக்கடையில் விளையாட விடுவதாகும். கழிவுநீரை நிறுத்த முடியாத ஊர், பூங்காவை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டு அந்தப் பணத்தை இதில் போடட்டும்.

தெருவின் குறுக்கு வெட்டு

சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (IRC) அமைப்பின் 103-ஆம் வழிகாட்டி நடப்பதற்குத் தடையற்ற 1.8 மீட்டரைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. கம்பமும் மரமும் மின்மாற்றியும் இந்த 1.8-க்குள் வரக்கூடாது. 12 மீட்டர் தெருவில் இரு புறமும் 1.8 மீட்டர் நடக்க, 1.2 மீட்டர் மரத்துக்கும் கம்பத்துக்கும், நடுவே 6 மீட்டர் வண்டிகளுக்கு என்று சரியாக வரும். 7 மீட்டர் அல்லது அதற்கும் குறுகிய தெருவில் 60 செ.மீ. நடைபாதை போட்டு ஏமாற்ற வேண்டாம். அதில் யாரும் நடக்க மாட்டார்கள். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே மட்டமாகப் போட்டு, வண்டிகள் மெதுவாகப் போகும்படி 40, 50 மீட்டருக்கு ஒரு மேடு வைப்பதே மேல்.

நடைபாதை உயரம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பெரியவர்களால் ஏற முடியாத உயரம் போட்டால் எல்லோரும் சாலையில்தான் நடப்பார்கள். வீட்டு வாசல்களில் வண்டி ஏறும் சாய்வை ஓரத்து 1.2 மீட்டர் பட்டைக்குள் முடித்துவிட வேண்டும். நடக்கும் பகுதி மட்டமாகவே தொடரட்டும். தெரு முனைச் சாய்வு 12-க்கு 1. நடைபாதைக்கு 60 மி.மீ. பேவர் கல், வண்டி ஏறும் இடத்தில் 80 மி.மீ. கல்லுக்கு அடியில் மணல் 25 முதல் 40 மி.மீ. போதும். பல இடங்களில் கல் உட்காருவதற்குக் காரணம், கீழே உள்ள மண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் பள்ளத்தை மணலாலேயே நிரப்பிவிடுவது.

மேல் பூச்சுக்கு முன், பழைய குடிநீர்க் குழாய் மாற்ற வேண்டுமானால் மாற்றிவிடுங்கள். 30 மீட்டருக்கு ஒரு காலிக் குழாயை, 15 செ.மீ. விட்டத்தில், சாலைக்கு அடியில் குறுக்காகப் புதைத்து, இருக்குமிடத்தை நடைபாதைக் கல்லில் குறியுங்கள். நாளைக்குக் கேபிளுக்கோ புது இணைப்புக்கோ சாலையை வெட்ட வேண்டியதில்லை. கான்கிரீட் சாலையானால் 4 முதல் 4.5 மீட்டருக்கு ஒரு இணைப்பு வெட்டு. கான்கிரீட் போட்ட 24 மணி நேரத்துக்குள் அதை வெட்டாவிட்டால் சாலை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். குறைந்தது 14 நாள் தண்ணீர் கட்ட வேண்டும்.

தேரோடும் வீதிக்கு மட்டும் தனிக் கணக்கு. தேர்ச் சக்கரத்தின் தடத்தை அளந்து, அந்தத் தடத்தில் வடிகால் மூடியோ மேன்ஹோலோ வராமல் பாருங்கள். வந்தே தீருமானால் பலகையின் கனத்தைத் தேரின் எடைக்குக் கணக்கிடுங்கள். நடுத்தடுப்பு கூடாது. முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தோடு நடக்க இடம் வேண்டும். வீதி திரும்பும் நான்கு மூலைகளிலும் நடைபாதை விளிம்பைச் சாலை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.

வரைபடம் முடிவாகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்புப் பொடியால் நடைபாதை விளிம்பையும் மரக்குழிகளையும் தெருவிலேயே கோடு போடுங்கள். தண்ணீர் லாரி, குப்பை வண்டி, பள்ளிப் பேருந்து மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். தாளில் படம் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியாதவர்கள்கூடத் தங்கள் வாசலில் கோட்டைப் பார்த்ததும் சரியான கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு ஏரியா சபைக்கு வாருங்கள். கிராம ஊராட்சியானால் கிராம சபைக்கு. தீர்மானத்தில் அகலங்களும் மட்டங்களும் எண்களாக இருக்கட்டும்.

கரையில் எதை எங்கே வைப்பது

உச்ச வெள்ள மட்டக் கோட்டை நிலத்தில் முளையடித்துக் குறியுங்கள். கோட்டுக்கு மேலே: கழிப்பறை, மின்பெட்டி, காவலர் அறை, குழந்தைகளின் ஊஞ்சல். கோட்டுக்குக் கீழே: மண் பாதை, கல் இருக்கை, மரம், புல், படித்துறை. தண்ணீர் அடித்துக்கொண்டு போகக்கூடிய எதுவும் கீழே வேண்டாம். ஆற்றை நோக்கிச் சுவர் எழுப்பினால் வெள்ளம் அதைத் தள்ளும். தள்ளிய சுவர் பாலத்தில் போய் அடைக்கும். கழிப்பறைக் கழிவைக் கரையில் ஊறவிடாமல் பாதாளச் சாக்கடையில் சேருங்கள். இல்லையேல் கசியாத தொட்டியும் மாதக் கணக்கில் லாரியும்.

கரைச் சாய்வு 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் நீளமாவது இருக்கட்டும். வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், உயரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு வரிசையாக நட்டால் மண் பிடிக்கும். நீரோரத்தில் நாணல். அதற்குமேல் நீர்மருது, நாவல், புங்கை, அத்தி, இலுப்பை. நீர்மருது ஆற்றங்கரைக்கே உரிய மரம். வெள்ளத்தில் வேர் நனைந்தாலும் நிற்கும். ஒரே நிறத்தில் பூக்கும் வெளிநாட்டுச் செடிகளை வரிசையாக நடுவதைவிட இது மலிவு, பராமரிப்பும் குறைவு, பறவையும் வரும். கன்று 6 அடிக்குக் குறையாமல், குழி ஒரு கன மீட்டர், தெருவில் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவை மதிப்பீட்டிலேயே சேருங்கள். நடுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிய இடங்களில் மறு சித்திரைக்குள் வெறும் கூண்டுகள்தான் மிஞ்சுகின்றன.

பெண்கள் மாலையில் வர வேண்டுமானால் வெளியிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். வேலி ஊடுருவிப் பார்க்கும்படி கம்பியாக, இரண்டு எதிரெதிர் வாசல்களோடு. விளக்கு பாதையை நோக்கி, ஆற்றை நோக்கி அல்ல.

பணமும் காலமும்

மாநில நிதி ஆணைய மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரும் 'நமக்கு நாமே' என்று பல பைகளிலிருந்து பணம் வரலாம். பை எதுவானாலும் வேலையின் வரிசை ஒன்றே: கழிவுநீர் இணைப்பு, ஆற்று வாயும் மடைக்கதவும், தாழ்ந்த திடல், கீழிருந்து மேலாக வடிகால், குழாய்கள், நடைபாதை, சாலை, மரம். ஒப்பந்தம் பல என்றால் ஒவ்வொன்றிலும் முந்தையது முடிந்த சான்று இல்லாமல் தொடங்கக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். மின்கம்பம் நகர்த்த மின்வாரியத்தின் மதிப்பீட்டை முன்கூட்டியே வாங்கிப் பணம் கட்டிவிடுங்கள். நடைபாதை நடுவில் நிற்கும் கம்பங்கள் எல்லாம் இதை மறந்ததால் நிற்பவை.

காவிரிக் கரை ஊர்களில், மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பதால், ஆற்று வாய் வேலைக்கு உங்கள் கையில் உள்ளது பிப்ரவரி முதல் மே வரைதான். வேலை உத்தரவு அதற்கேற்ப ஜனவரிக்குள் வர வேண்டும். மற்ற ஊர்களிலும் செப்டம்பருக்குள் வடிகால் முடியாவிட்டால் தோண்டிய பள்ளத்தோடு வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்க நேரும்.

குடியிருப்பவர்கள் மதிப்பீட்டு நகலையும் அளவுப் புத்தகத்தையும் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். அதே சட்டத்தின் 2(ஞ) பிரிவு வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. சாலை போடும் காலத்தில் இந்த இரண்டாவது உரிமைதான் அதிகம் பயன்படும்.

வேலை முடிந்தபின் வரும் முதல் கனமழையில் குடையோடு இறங்கி, எந்த வீட்டு எண் முன்னால், எத்தனை செ.மீ., எவ்வளவு நேரம் தண்ணீர் நின்றது என்று நேரம் பதிந்த படத்தோடு குறியுங்கள். ஒப்பந்ததாரரின் பிடித்தம் (பில்லில் பிடித்துவைத்த பணம்) திரும்பிக் கொடுக்கப்படும் தேதியை முன்பே கேட்டு வைத்து, அதற்கு முன் அந்தப் பட்டியலைப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலையின் குறைகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் குறைபாட்டுக் காலம் முடியும் வரை அவற்றைச் சரிசெய்வது ஒப்பந்ததாரரின் செலவு.